மதினி தோட்டத்து மணல்

வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து பட்டா நிலத்தில் போட்ட மணலை அகற்ற விவசாயி மனுக் கொடுத்தால், நிலத்தை நேரில் பார்வையிட்டுக் காலதாமதமின்றி அனுமதி வழங்க வேண்டும். விதி அவ்வளவுதான். அனுமதியில்லாமல் ஒரு சட்டி மணலை வெளியே கொண்டுபோனாலும் அது திருட்டு என்பது அடுத்த விதி. வருவாய்த் துறையில் முப்பத்து நாலு வருடம் இருந்துவிட்டுத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். இரண்டாவது விதியைக் காப்பாற்ற எத்தனையோ விடியற்காலைகளில் ரோட்டில் நின்று டிராக்டர்களை மறித்திருக்கிறேன். முதல் விதியைக் காப்பாற்ற யாரும் எங்கேயும் நின்று நான் பார்த்ததில்லை. ‘காலதாமதமின்றி’ என்ற சொல்லை எத்தனை குறிப்புகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது எத்தனை நாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

காமயகவுண்டன்பட்டிக்குக் கீழே, ஆற்றை ஒட்டி, என் அண்ணனின் திராட்சைத் தோட்டம். பதினெட்டு வரிசை பன்னீர் திராட்சை. அண்ணன் இறந்து நாலு வருடமாகிறது. அதிலிருந்து மதினி தனியாகத்தான் பார்க்கிறார். கவாத்து என்றைக்கு, மருந்து என்றைக்கு, வியாபாரியிடம் எப்போது பேசுவது என்று எல்லாம் அவர் கணக்கு. மகள் திருப்பூரில் இருக்கிறாள். தோட்டத்தை விற்றுவிட்டு வரச் சொல்லி வாரம் ஒருமுறை போன் செய்வாள். ‘கொடி காய்க்கிறவரைக்கும் நான் இங்கன’ என்பதுதான் மதினியின் பதில்.

ஐப்பசி மழையில் ஆறு கரையை உடைத்தது. இரண்டு நாள் ஊரே பள்ளிக்கூடத்தில் கிடந்தது. வந்து பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. பாலம் வரைக்கும் காரில் வந்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் இடமாகத் தேடிப்பிடித்து, அதில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் முகத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டை ஒரு கிழவி கையில் கொடுத்து, படம் சரியாக விழவில்லை என்று அதையே திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கரை உடைந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. அங்கே போக அரை மைல் சேற்றில் நடக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்து தோட்டத்துக்குப் போனால், முழங்கால் உயரத்துக்கு மணல். ஆற்றுப் பக்கமாகப் பந்தலின் கல்தூண்கள் சாய்ந்து, கம்பியும் கொடியும் ஒன்றாக மணலில் படுத்திருந்தன. திராட்சைக் கொடிக்கு இலை நனைந்தாலே மருந்தடிக்க ஓடுவோம். அடிமரம் மணலுக்குள் புதைந்து கிடந்தால் வேர் மூச்சு முட்டிச் செத்துப்போகும். எத்தனை நாளில் சாகும் என்பது மட்டும்தான் தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் தோட்டத்தில் பந்தல் சாய்ந்தாலும் சுற்றுத் தோட்டக்காரர்கள் கூப்பிடாமலே வருவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள். கூலி கிடையாது, மதியச் சோறு மட்டும். வந்தவர்களை வேண்டாமென்று திருப்பி அனுப்பினால் அது பெரிய அவமானம். அதற்குப் பிறகு தோட்டக்காரரே வீடு வீடாகப் போய்க் கூப்பிடாமல் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவர்கள் வந்தார்கள். ஜேசிபி ஒன்று, டிராக்டர் இரண்டு, மண்வெட்டியோடு பதினைந்து பேர். முன்னால் நின்றவர் அடுத்த தோட்டத்துக்காரர். தன் தோட்டத்து மணலை முந்தின நாளே ஆற்றோரம் தள்ளிவிட்டிருந்தார்.

“அண்ணே, கேட்டைத் தொறங்க. இங்கன ஒரு நாள் வேலைதான்.”

நான் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு விதியைச் சொன்னேன். மணல் அரசாங்கத்துச் சொத்து, வண்டியைப் பிடித்தால் வழக்காகும், அது மதினி பெயரில் வரும், ஒரு மனுக் கொடுத்தால் நாலு நாளில் முறையாக அனுமதி கிடைக்கும் என்று விளக்கினேன். இப்போது நினைத்தால் என் குரலே என் காதில் கசக்கிறது. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை.

“கொண்டாந்து கொட்டுனப்ப ரசீது போட்டாகளா அண்ணே?” என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் வண்டியைத் திருப்பினார்கள்.

மதினி என் பேச்சைத் தட்டவில்லை. ஆபீஸ் விஷயமென்றால் தம்பி சொல்வதைக் கேள் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை அவர் வேதமாக வைத்திருந்தார்.

அன்றே மனு எழுதினேன். நல்ல மனு. அதைவிட நல்ல மனுவை அந்த அலுவலகம் பார்த்திருக்காது. கிராம நிர்வாக அலுவலர், இளைஞர், மரியாதை தெரிந்தவர், பத்தாம் நாள் வந்தார். மணல்மேல் நின்று மணலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மனு மேலே போனது. மேலே போனது கீழே வந்தது. மணல் எத்தனை கன மீட்டர் என்று குறிப்பிடப்படவில்லை. அளக்க வேண்டிய சர்வேயர் நிவாரணப் பணியில் இருந்தார். நானே டேப்பைப் பிடித்து அளந்து எழுதினேன். தனிநபர் அளவு செல்லாது. அளவு வந்ததும் அடுத்த கேள்வி: இது ஆற்று மணலா, ஓடை மணலா? மணலின் பிறந்த ஊரை நிரூபிக்கச் சொல்கிற அரசாங்கம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தெரியவில்லை. அதற்கும் பதில் எழுதினேன்.

கடைசியாக ஒரு குறிப்பு வந்தது. பட்டா இன்னும் இறந்தவர் பெயரில் இருப்பதால் மனுதாரருக்கு மனுச் செய்யும் உரிமை இல்லை. ஊருக்கெல்லாம் பட்டா மாற்றிக் கொடுத்தவன், சொந்த அண்ணன் நிலத்துக்கு நாலு வருடமாக மாற்றாமல் விட்டிருக்கிறேன். வாரிசுச் சான்றிதழ் கிடைக்கவே கார்த்திகை முடிந்துவிட்டது.

இதற்கிடையில் மதினி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கொடியின் அடியிலும் மண்வெட்டியால் சுற்றிலும் மணலைக் கொத்திக் கிண்ணம் மாதிரிக் குழி எடுத்தார். மணலை வெளியே கொண்டுபோகக் கூடாதென்று நான் சொல்லியிருந்ததால் வரிசைக்கு நடுவிலேயே குவித்தார். கூட இரண்டு பெண்கள். பதினெட்டு வரிசையில் ஆறு முடிப்பதற்குள் ஒரு மழை பெய்தது. குவித்ததெல்லாம் குழிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் மறுபடியும் முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார்.

மார்கழி பிறந்த வாரம் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். ஆற்றுப் பக்கத்து வரிசையில் ஒரு கொடியின் அடியில் கையை விட்டு மணலை விலக்கினார். அடிமரத்துப் பட்டை ஈரத்துணி மாதிரி கையோடு வந்தது. புளித்த வாடை. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி.

“தம்பி, ஒங்க பேப்பரு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொடி சாகுது.”

இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்றேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு வந்தாகளே, அவுகளைக் கூப்பிடணும். கேட்டைச் சாத்துனது நீங்க. நீங்களும் வாங்க.”

போனேன். பதினைந்து வீடு. ஒவ்வொரு வாசலிலும் மதினி முன்னால் நின்று, ‘நாளைக்கு நம்ம தோட்டத்துல வேலை, வந்துருங்க’ என்பார். பின்னால் நான். நான் வாயைத் திறந்து ‘வாங்க’ என்று சொல்லும்வரை அடுத்த வீட்டுக்கு நகர மாட்டார். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில், முன்பு ஒருதரம் வீட்டுக்காரரின் டிராக்டரை நான் பறிமுதல் செய்திருந்தது எனக்கு மறந்துபோயிருந்தது, அவருக்கு மறக்கவில்லை. அடுத்த தோட்டத்துக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“என்ன மதினி, ஆபீசரு உத்தரவு வந்துருச்சா?”

“உத்தரவு குடுக்க நான்தேன் வந்துருக்கேன்” என்றார் மதினி. “அவரு சும்மா கூட வந்தாரு.”

மறுநாள் பதினைந்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். டிராக்டரைப் பறிகொடுத்தவரும் வந்தார். அதே டிராக்டரைக் கொண்டுவந்தார். இருட்டுவதற்குள் மணலை அள்ளி, இரண்டு மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்காத கரை உடைப்பில் கொட்டி அடைத்தார்கள். சட்டப்படி அது இரண்டு குற்றம்: அனுமதியின்றிக் கனிமம் அகற்றியது ஒன்று, அனுமதியின்றி ஆற்றுக் கரையில் கை வைத்தது இன்னொன்று. இரண்டிலும் சட்டி சுமந்த கை என்னுடையதும்தான். கொட்டக் கொட்டக் கரை உயர்வதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு நாள் வேலை. அடுத்த தோட்டத்துக்காரர் அன்றைக்குச் சொன்னது சரி, ஒரே நாள் வேலை. அந்த ஒரு நாளை நான் இரண்டு மாதமாக்கினேன். அலுவலகத்துக்கு அதில் பாதிப் பங்குதான் கொடுக்க முடியும்.

தை மாதத்தில் பதினோரு வரிசை துளிர்த்தது. ஆற்றுப் பக்கத்து ஏழு வரிசை துளிர்க்கவில்லை. மதினி இன்னும் பத்து நாள் பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் இன்னும் பத்து நாள். மாசியில் ஆள் வைத்து வேரோடு பிடுங்கினார். ஒவ்வொரு அடிமரமும் என் தொடைப் பருமன். அண்ணன் நட்டவை. ‘பதினொண்ணு இருக்குல்ல’ என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மனுவுக்காக ஒரு குழு தோட்டத்தைப் பார்வையிட வந்ததாம். நான் ஊரில் இல்லை. கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, மதினியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்களாம்.

பிறகு பதிவுத் தபாலில் பதில் வந்தது. மதினி புதுக் குச்சி நட, வரிசை கோணாமலிருக்கக் கயிறு கட்டி, ஏழு வரிசைக்கும் குழி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் படிக்கச் சொன்னார். மனுதாரரின் புலம் நேரடித் தணிக்கை செய்யப்பட்டதில் மனுவில் கண்டவாறு மணல் ஏதும் படிந்திருக்கவில்லை எனத் தெரியவருவதால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்றும், இனிவரும் காலங்களில் உண்மைக்கு மாறான மனுக்களைத் தவிர்க்குமாறும் எழுதியிருந்தது. “சரி, வச்சுட்டு வந்து அந்தக் கயித்தைப் பிடிங்க” என்றார் மதினி. தபால்காரர் ஒப்புகை அட்டையை நீட்டினார். கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டேன்: மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை.