விருத்தாசலத்தில் விளைந்த கேரட்

ஈரச் சாக்கை விலக்கியவுடன் கத்திரிக்காய் வாசனையும் மண்வாசனையும் கலந்து எழும். அதை வைத்தே, ஸ்ரீமுஷ்ணம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வரும் காசியம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கிவிட்டார் என்று எனக்குப் படுக்கையிலேயே தெரிந்துவிடும். கத்திரி, கொத்தவரை, சுரை, பருவத்தில் அவரை என்று அவர் நிலத்தில் விளைந்தது மட்டும்தான் அந்தக் கூடையில் இருக்கும்.

என் அம்மா குன்னூரில் பிறந்தவர். விருத்தாசலத்தில் களிமண்ணில் பொம்மை செய்யும் "பீங்கான் கம்பெனி"யில் வேலை பார்த்த அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். எனக்கு ஒன்பது வயதான அந்த மழைக்காலத்தில் தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த ஊர்க் கேரட்டின் நினைப்பாகவே இருந்தார். எப்போதாவது லாரியில் மார்க்கெட்டுக்கு வருவதை அப்பா வாங்கி வந்தால், அது வாடித் துவண்டிருக்கும். அம்மா ஒதுக்கி வைத்துவிடுவார். இந்த நிலையில் மலைக்குப் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"உங்க ஊர்ல கேரட் போட மாட்டீங்களாக்கா?" என்று ஒருநாள் அம்மா காசியம்மாவிடம் கேட்டார்.

"அது எங்க மண்ணுல வராதும்மா," என்றார் காசியம்மா.

ஏன் வராது என்று நான் குறுக்கே கேட்டேன்.

"யாரு போட்டுப் பாத்தாங்க? வராதுன்னு சொல்லிக்கிறோம்."

அந்தப் பதில் என்னை விடவில்லை. அப்பாவை நச்சரித்து விதை வாங்கிக் கிணற்றடியில் தூவினேன். "இது பொம்மைக்கு ஆவுற மண்ணு," என்று சொன்னாலும், அப்பா மணலும் எருவும் கலந்து கொடுத்தார். முளைத்த நாளிலிருந்து, அடியில் என்ன நடக்கிறதென்று பார்க்கும் ஆவலில் இரண்டு நாளைக்கு ஒன்றைப் பிடுங்கிவிடுவேன்.

தை மாதத்தில் மிஞ்சியவை ஏழோ எட்டோதான். கட்டைவிரல் நீளத்தில், இறுகிய மண்ணில் வழி கிடைக்காமல் கால் காலாகப் பிரிந்து, வெளுத்துப்போயிருந்தன. அம்மாவிடம் நீட்டவே பயமாக இருந்தது. அவர் ஒன்றைக் கழுவிக் கடித்தார். கண்கள் நிறைந்துவிட்டன.

மறுநாள் காசியம்மாவுக்கும் ஒன்று கொடுத்தோம். வாழ்நாளில் அவர் தின்ற முதல் கேரட் அதுதான். நிதானமாக மென்றார்.

"இதுக்கா பொண்ணே இவ்ளோ ஏங்குன?"

அம்மா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஊருது இப்படி இருக்காதுக்கா. சரி, இங்க வெளையிறத எப்படிச் சமைக்கிறதுன்னு நீங்களே காட்டுங்க."

காசியம்மா அடுப்படியில் உட்கார்ந்து, கூடையிலிருந்த கத்திரிக்காயோடு கருவாடு போட்டுக் குழம்பு வைத்தார். அன்று அம்மா இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சித்திரையில் தம்பி நல்லபடியாகப் பிறந்தான்.

இப்போது விருத்தாசலம் மார்க்கெட்டில் வருஷம் முழுக்க எல்லாக் காயும் கிடைக்கிறது. காலை பஸ்ஸில் கூடையோடு இறங்குபவர்களைத்தான் காணோம். போன வாரம் ஒரு கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே, "இது எந்த ஊருதுங்க?" என்று கேட்டேன்.

"லோடுல வருதுங்க," என்றார் கடைக்காரர்.

"எங்கேருந்து?"

அவர் திரும்பிப் பின்னாலிருந்த மூட்டையைப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.