ஆள் இல்லாத எண்

அம்மா இறந்த சில மாதங்களில் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ். விபத்துக்குப் பயந்து ஷெட்டுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஆபீஸ் அறை அவை எல்லாவற்றையும் விட்டு விலகி கேட்டோரமாக இருந்தது. அதற்குள் நான் மட்டும்தான். மத்தியானம் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். சில நாள் காலையில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதோடு சரி, அப்புறம் பேச்சே இருக்காது.

அந்த வருஷம் கம்பெனியில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. யாருக்கு என்ன பவர் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு எக்செல் ஃபைல் வந்தது. அதில் பெயர் கிடையாது, தொழிலாளர் கார்டு நம்பர் மட்டும்தான். பெயரும் ஷெட்டும் எங்கள் ஃபைலில் இருந்தன. நம்பரை வைத்து இரண்டையும் பொருத்தி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பவரைக் கொண்டுவர வேண்டும். ஃபார்முலா போட்டால் பாதிக்கு மேல் பிழை காட்டியது. நம்பருக்கு முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் ஆஸ்பத்திரி ஃபைலில் காணாமல் போயிருந்தன. அவற்றைச் சேர்த்ததும் மளமளவென்று பொருந்தின. ஒரு வரி மட்டும் அப்படியே நின்றது. அந்த நம்பரில் எங்களிடம் ஆளே இல்லை.

போர்மேனிடம் கேட்டேன். "தப்பா அடிச்சிருப்பாங்க, விடும்மா" என்றார்.

கண்ணாடிகள் வந்த அன்று சாயங்காலம், ஆட்களை ஊருக்கு ஏற்றிப்போகும் வேன் வருவதற்கு முன் கேட்டருகே நின்று பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். வாங்கியவர்கள் மாட்டிப் பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா மட்டும் ஒயர்கூடையோடு ஒதுங்கி நின்றார். பக்கத்தில் போனேன்.

"நீங்க முகாமுக்கு வந்தீங்களாக்கா?"

"வந்தேன் மேடம். பேரு வரல. நமக்கு இல்லபோலன்னு இருந்துட்டேன்."

"என்ன கார்டு காட்டுனீங்க?"

"இங்கன இன்னும் கார்டு போடல. போன கம்பெனி கார்டத்தான் காமிச்சேன்."

கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதே நம்பர். மிச்சமிருந்த கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தோள்ல தையல் விட்டிருக்கே தாயி. வீட்ல யாரும் சொல்லலையா?"

"வீட்ல யாரும் இல்லக்கா."

அவர் கூடைக்குள் துழாவி ஒரு ஊக்கை எடுத்து, என் சுடிதாரைச் சேர்த்துப் பிடித்துக் குத்திவிட்டார். விரல்களில் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்து ஒட்டியிருந்தது. அம்மாவுக்குப் பிறகு என்னை யாருமே தொட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"இனி விருதுநகர் வரைக்கும் போகணுமாக்கும். பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

ஷெட்டுப் பக்கம் நான் போகக் கூடாது. அதனால் வேன் ஏறும்போது பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. தீபாவளி சீசன் முடிந்ததும் அவர் வரவில்லை. திருப்பூரில் மகளிடம் போய்விட்டதாக அவரோடு வேலை பார்த்தவள் சொன்னாள். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க மேடம், பக்கத்துல விஸ்வநத்தம்தான்" என்றாள். வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலைசீவிக் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போய், என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.