விரதத்தில் இருந்தவளுக்கு முதுகில் ஓர் ஊசி

தொண்ணூறுகளின் கடைசி அது. பினாங்கில் தைப்பூசத்துக்குச் சில வாரங்களே இருந்தன. முந்தைய ஆண்டு என் மகள் கடும் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததால், தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தேன். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு மோட்டார் சைக்கிள் என்னை இடித்துத் தள்ளியது. வலது முட்டி நொறுங்கிவிட்டது. ஜார்ஜ்டவுன் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

வம்பு அதற்குப் பிறகுதான். முட்டியை இப்போதே மடக்கிப் பழக்காவிட்டால் கட்டை மாதிரி நின்றுவிடும் என்றார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள் நான். மடங்காத காலோடு யார் என்னை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ஆனால் பயிற்சி கொடுப்பவர் காலைத் தொட்டாலே உயிர் போய் வந்தது. மாத்திரைக்கெல்லாம் வலி அசையவில்லை. மார்பின் தருகிறோம் என்றபோது முடியாது என்றேன். அது அபின் சாமான், விரதத்தில் போதை எதையும் தொடக்கூடாது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தார்களே என்று கணவர் கேட்டார். அது என்னைக் கேட்காமல் கொடுத்தது என்றேன். அலகு குத்திக் காவடி எடுப்பவர்கள் மருந்தா சாப்பிடுகிறார்கள் என்ற வீராப்பு வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பல்தான் வலித்தது, முட்டி மடங்கவில்லை.

மறுநாள் காலை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, வலி மூளைக்குப் போறதே முதுகுத்தண்டு வழியாத்தான். அங்க மருந்து வந்து ஒட்டிக்கிற இடங்க இருக்கு. ஒன்னுல மார்பின் ஒட்டும். இன்னொன்னுல, பிரஷருக்குக் கொடுக்கிற ஒரு மருந்து ஒட்டும். ரெண்டையும் அங்கேயே சேர்த்து விட்டா, ஒன்னுக்கொன்னு கை கொடுக்கும். அதனால ரெண்டுமே கொஞ்சம் போதும்."

"எங்க ஃபேக்டரி பிரஸ் மெஷின் மாதிரியா? ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினாத்தான் ஓடும்."

அவர் சிரித்தார். "அப்படி இல்ல லா. தனித்தனியாவும் வேலை செய்யும். ஆனா நிறைய வேணும், தலை சுத்தும். இது தலைக்கு ரொம்ப ஏறாது. காலும் மரத்துப் போகாது, நீங்களே மடக்கலாம்."

'நீங்களே மடக்கலாம்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. கால்மாட்டில் நின்ற கணவரைப் பார்த்தேன்.

"விரதம் நீ எடுத்தது. காலும் ஒன்னோடதுதான்," என்றார்.

முருகனிடம் மனதுக்குள் சொல்லிவிட்டு முதுகைக் காட்டினேன். ஊசி வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி மருந்தை விட்டார்கள். தாதி அடிக்கடி வந்து பிரஷர் பார்த்துக்கொண்டே இருந்தார். வலி அடியோடு போய்விடவில்லை, பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி கொஞ்சம் தள்ளிக் கேட்டது. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. முட்டியை இழுத்தேன். வியர்த்துக் கொட்டியது, கண்ணீரும் வந்தது, ஆனால் கால் மடங்கியது. பயிற்சி கொடுப்பவர் போதும் என்றார். நான் இன்னொரு தரம் என்றேன்.

அந்தத் தைப்பூசத்துக்கு என்னால் போக முடியவில்லை. மறு ஆண்டு பால்குடத்தோடு மலையேறினேன், படிக்குப் படி முட்டி மடங்கிக் கொடுத்தது. வலியைத் தாங்குவதே பக்தி என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்றைக்கு யாராவது என் முன்னால் வலியை விழுங்கிக்கொண்டு சிரித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. செய்ய வேண்டிய காரியம் அவ்வளவு காத்திருக்க, இருக்கிற தெம்பையெல்லாம் வலியோடு மல்லுக்கட்டியே ஏன் தீர்க்க வேண்டும்?