ஒன்பது மணிக்கு வான்

ஆறு வருடம் கழித்து விடுமுறையில் வந்த என் தம்பி, சைப்பிரஸிலிருந்து ஒரு சைக்கிளைக் கழற்றி, மட்டைப் பெட்டியில் அடைத்து, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். அவன் அதன் பாகங்களைத் திரும்பப் பூட்டி முடித்ததும் உம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கரியலும் இல்ல, பெல்லும் இல்ல, மட்காட்டும் இல்ல. இத என்னத்துக்கு மனே இவ்வளவு தூரம் சுமந்து வந்த?"

"இது கிறவல் சைக்கிள் உம்மா. கிறவல் ரோட்டுல ஓடுறதுக்கெண்டே செஞ்சது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கிறவல் என்றால் தார் போட மனமில்லாத ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற சிவப்பு மண். மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. நான் பிறந்த நாள் முதல் அதில்தான் சைக்கிள் ஓடுகிறேன், அதற்கென்று ஒருவரும் எனக்குத் தனிச் சைக்கிள் செய்து தரவில்லை.

அங்கே அவன் வேலை செய்கிற சைக்கிள் கடை ஒரு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து சைக்கிளை வாடகைக்கு எடுத்து, ஏரியைச் சுற்றியிருக்கும் கிறவல் பாதையில் ஓடுகிறார்கள். எந்தப் பாதை எந்த மாதத்துக்கு நல்லது, எங்கே சில்லு புதையும், எங்கே நிழல் கிடைக்கும் என்று அவர்களுக்கு வழி சொல்கிறவன் இவன்தான். போனில் படங்களைக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எங்கட குளத்தச் சுத்திப் பார்த்திட்டு மறுகா கதை" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இன்னும் நான்கு வருடத்துக்கு வேலை ஒப்பந்தம் ஒன்றை அவனுடைய முதலாளி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். உம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவன் சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். எனக்கும் அவன் போகக்கூடாது என்றுதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் தெரியவில்லை. நான் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். கோபம் எனக்குக் கேட்ட உடனே கிடைக்கும். பாசத்துக்குத்தான் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

என் மனைவியின் தம்பிக்குச் சம்மாந்துறைக்கு மேற்கே ஒரு குளத்தின் கீழே வயல் இருக்கிறது. மாரி காலம், வேளாண்மை பச்சைப் பசேல் என்று நிற்கும், குளமும் நிரம்பியிருக்கும். செவ்வாய்க்கிழமை இருவரும் சைக்கிளில் வருகிறோம் என்று மச்சானிடம் சொல்லிவைத்தேன். முதல்நாள் பின்னேரம் அவரிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது.

"மச்சான், நாளைக்கு ஒம்பது மணிக்கு வான். அதுக்கு முதல் வந்திருங்க."

தம்பிக்கும் போட்டுக் காட்டினேன். "பார்த்தியா, திரும்பி வரக்குள்ள சைக்கிள ஏத்துறதுக்கு வானும் பிடிச்சி வெச்சிரிக்காரு" என்று மச்சானைப் புகழ்ந்து தள்ளினேன். வான் என்றால் கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு ஆள் ஏறிப் போகிற வாகனம்தான்.

விடியலில் சுபஹு தொழுதுவிட்டு எங்கள் ஊர் சாய்ந்தமருதிலிருந்து புறப்பட்டோம். காரைதீவு தாண்டி, மாவடிப்பள்ளி தாண்டி, சம்மாந்துறையில் ஒரு கடையில் ரொட்டியும் இறைச்சியும் சாப்பிட்டோம். நேரமாகிறது என்றான் தம்பி. "வான் நிக்கும்டா. நம்மள உட்டுட்டு எங்க போகப் போகுது" என்று இரண்டாவது பிளேன்டீக்குச் சொன்னேன்.

வயலுக்குப் போகிற வழியில் ஒரு தாம்போதி இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்ந்த பாலம். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. பாலத்தைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறமாய்த் தண்ணீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் மச்சான் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நின்றார். போன் எடுத்தேன்.

"மச்சான், வான் எங்க?"

"உங்களுக்கு முன்னுக்குத்தானே பாயுது, தெரியல்லையா?"

"நான் கேட்டது ஏறிப் போற வான்."

போனில் மச்சானின் சிரிப்பு வெடித்தது. பிறகு அக்கரையில் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்தியது தெரிந்தது. குளம் நிரம்பினால் மேலதிகத் தண்ணீர் வழிந்து போகும் இடத்துக்கும் வான் என்றுதான் பெயர். ஒன்பது மணிக்கு வான் கதவைத் திறக்கப் போகிறார்கள், பாலம் மூழ்க முதல் வந்துவிடுங்கள் என்பதைத்தான் வேளாண்மைக்காரர் ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் எழுதியதை வாசித்துப் பொருள் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த ஒரு சொல் விளங்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. காற்சட்டையைச் சுருட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனேன். மச்சான் சிரிப்பை நிறுத்திவிட்டு எழும்பி நின்று, "இறங்காதீங்க, ஆள இழுத்திட்டுப் போகும்" என்று கத்தினார். தம்பி பின்னாலிருந்து என் சைக்கிளின் கரியலைப் பிடித்துக்கொண்டான்.

"சுத்திப் போக வழி இல்லையா?" என்று என் போனை வாங்கி மச்சானிடம் கேட்டான். இருந்தது. குளக்கட்டில் ஏறி, குளத்தை முழுதாகச் சுற்றி, யானை வேலி ஓரமாக வந்து, வாய்க்கால் ரோட்டால் வயலுக்கு இறங்கலாம். முழுக்கக் கிறவல். மூன்று மணித்தியாலம் எடுக்கும் என்றார் மச்சான்.

அவனை இங்கே நிறுத்திவைக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதையும் என் கையாலேயே கெடுத்துவிட்டேன், இனி அவன் வெள்ளிக்கிழமை வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டே பெடலை மிதித்தேன்.

குளக்கட்டில் கிறவல் மழைக்கு இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் விளிம்பு வரைக்கும் தண்ணீர், பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மறுபக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் வேளாண்மை. தம்பி அடிக்கடி நின்று குனிந்து மண்ணைப் பார்த்தான், போனில் எதையோ பதிந்தான். யானை இலத்தி ஒன்றைக் கண்டு, "இது எப்ப போட்டது காக்கா?" என்று கேட்டான். எங்கள் ஊரில் அண்ணன்தான் காக்கா. அதைப் போட்டவரிடம் கேட்கச் சொன்னேன். யானை வேலிக்குக் கிட்ட என் பின் சில்லில் காற்றுப் போனது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, நான் வியர்வையைத் துடைத்து முடிப்பதற்குள் ஒட்டிவிட்டான். அவன் வேலை செய்வதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் அவனிடம் சொல்லவில்லை.

காற்று அடித்துக்கொண்டே அவன் சொன்னான், "அங்க அந்த ஏரி வெயில் காலத்துல காஞ்சி போகும் காக்கா. உப்புத்தான் கிடக்கும்."

பிறகு, "இப்பிடி ஒரு பாதை நம்மட ஊருல இரிக்கெண்டு ஏன் நீங்க எனக்குச் சொல்லல்ல?"

"எனக்கே தெரியாது. வானத் தவறவிட்டதாலதான் நானும் இப்ப பார்க்கிறன்" என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே உண்மை அதுதான்.

வயலோரக் குடிசையான மச்சானின் வாடியில் குளத்து மீன் குழம்போடு சோறு கிடைத்தது. கூடவே வயிறு நிறையக் கேலியும் கிடைத்தது. தம்பி சாப்பிட்டுக்கொண்டே மச்சானிடம் விசாரித்தான். எந்த மாதத்தில் யானை அதிகம், குளக்கட்டில் எது வரைக்கும் போக விடுவார்கள், அறுகம்பைக் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதுண்டா என்றெல்லாம் கேட்டான். நான் முள்ளைப் பொறுக்குகிற சாட்டில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போனில் பதிந்த பாதைக்கு ஒரு பெயர் போட வேண்டுமாம். 'வான்' என்று போட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து முதலாளியோடு பேசினான். நான்கு வருடத்துக்கு ஏலாது, பதிலுக்கு ஆள் பழக்கித் தரும் வரைக்கும் மட்டும் நிற்கிறேன் என்று சொன்னானாம். சைக்கிளை விலைக்குக் கேட்டிருந்த ஊர் டொக்டரிடமும் விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டான்.

அவன் புறப்பட்ட காலையில், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வாகனம் வாசலில் வந்து ஹோன் அடித்தது. "வான் வந்திட்டு மனே" என்றார் உம்மா. நாங்கள் இருவரும் சிரித்ததில் அவருக்குக் கோபம். கோபத்தில்தான், இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டார்.

"திரும்பி எப்ப வருவாய்?"

"வானுக்கு முதல் வந்திருவன் உம்மா."

உம்மா வாசலில் நின்ற வாகனத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த மாரியில் குளம் நிரம்பி வான் பாய முதல் வந்துவிடுவான் என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் எடுத்தது. அதற்குள் வாகனம் காரைதீவைத் தாண்டியிருக்கும்.

எனக்கு ஒரு வரம்பு நிலம்கூடச் சொந்தமில்லை. ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் மச்சானுக்குப் போன் எடுத்துக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்கிறேன். உம்மா பக்கத்தில் வந்து நிற்பார். நேற்றைய மழைக்கு அரை அடி ஏறியிருக்கிறதாம், வான் மட்டத்துக்கு இன்னும் ஐந்து அடி இருக்கிறது.