நாலு பக்கமும் பச்சை

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், மாமாவின் நாக்கில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்குமா? ஆனாலும் கர்த்தர் செய்ததை இதை வாசிக்கும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமா, என் கணவரின் தகப்பன், கனடாவில், ஸ்காபரோ நகரில் பல வருடம் பஸ் ஓட்டியவர். புகையிலையோடு வெற்றிலை போடுவார். போன பெப்ரவரியில் நாக்கில் வந்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில், "மொழிபெயர்க்க வேறை ஆள் வேண்டாம், மருமகள் காணும்" என்று என்னையே வைத்துக்கொண்டார்.

மருத்துவர் விளக்கினார். வளரச் சொல்லும் சிக்னல் உயிரணுவுக்குள் போகும். வேலை முடிந்ததும் அணையும். மாமாவுக்கு அது அணையவில்லை. அணுக்கள் நிற்காமல் பெருகுகின்றன. புற்றுநோய். நாக்கில் ஒரு பகுதியை வெட்ட வேண்டும்.

"அப்பாவுக்குக் கான்சர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை" என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். நான் கீழ்ப்படிந்தேன்.

"மாமா, புண்ணிலை ஒரு சிக்னல் பச்சையிலையே நிக்குதாம். நாக்கிலை கொஞ்சம் வெட்டவேணுமாம்."

"பச்சையெண்டால் நல்லதுதானே பிள்ளை? பேந்து ஏன் வெட்டுவான்? டொக்டர் பஸ்ஸிலை போனதில்லைப் போல."

சிரித்தார். அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடவில்லை. மூன்று கிழமை போனது. புண் பெருத்தது. நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த முறை போனபோது, ஆஸ்பத்திரிக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபித்தேன். சுகம் கேட்கவில்லை. ஆண்டவரே, ஒரு சொல்லைத் தாரும் என்று மட்டும் கேட்டேன். வெளியே வந்து மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். நான் யோசித்து வைக்காத கேள்வி வாயில் வந்தது.

"மாமா, சந்தியிலை நாலு பக்கமும் ஒரேயடியாப் பச்சை விழுந்தால்?"

"இடிபடும்." என்னைப் பார்த்தார். "கான்சரோ?"

"ஓம் மாமா."

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றவர், பேனாவைக் கேட்டார்.

அறுவைச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்துவிட்டன. கடைசி ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை. வெற்றிலைத் தட்டத்தை அவரே குப்பையில் போட்டார். தேவனுக்கு நன்றி. இப்போது எங்கள் வீட்டில் நோயை அதன் பெயரால்தான் சொல்கிறோம். நீங்களும் சுகத்துக்காக மட்டுமல்ல, சொல்லுக்காகவும் கேளுங்கள். அவர் தருவார்.

ஒரு உதவி வேண்டும். நாக்கில் வெட்டியதால் மாமாவுக்கு இப்போது 'ர' வராது. என் நான்கு வயது மகள் ரூத், "அப்பப்பா ஏன் என்ரை பேரைப் பிழையாச் சொல்லுறார்?" என்று கேட்கிறாள். "களைப்பு" என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் உண்மையை மறைத்த அதே பிழை. இதே நிலையில் இருந்தவர்களே, இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.