சட்டைக்குள் போன ஏழு அட்டைகள்

அந்த லாண்டரியில் அவளுக்குப் பெயரே மடிப்பு என்றாகிவிட்டது. பத்தொன்பது வருடங்களாக ஒரே வேலை. இஸ்திரி போட்ட சட்டையைக் குப்புறக் கிடத்தி, முதுகில் ஓர் அட்டையை வைத்து, கைகளை மடக்கி, திருப்பிப் போட்டால் காலர் நிமிர்ந்து நிற்கும். ஒரு சட்டைக்கு முக்கால் நிமிடம். அட்டையை வாடிக்கையாளர்கள் அடுத்த தடவை அழுக்குத் துணியோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.

அந்த அட்டைகளில்தான் அவள் எழுதினாள். கடவுளுக்கு. துணிக்குக் குறி போடும் அழியாத மையால், மற்றவர்கள் சாப்பிடப் போகும் இருபது நிமிடத்தில். வீட்டில் எழுத வழியில்லை. பஸ் ஓட்டும் கணவர் இரண்டு வேளையும் தவறாமல் கும்பிடுகிற மனிதர். மனைவி கடவுளின் கழுத்தைப் பற்றி எழுதுகிறாள் என்று தெரிந்தால் ஒன்று தெய்வக் குற்றம் என்பார், இல்லாவிட்டால் யாருடி அவன் என்பார். இரண்டில் எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

எழுதியவற்றை அட்டை அடுக்கின் அடியில், எழுத்து தரையைப் பார்க்கும்படி வைப்பாள். மேலிருந்து எடுத்துத்தான் மடிப்பதால் அடியில் இருப்பவை ஒருநாளும் வெளியே போனதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் அடுக்கு சரிந்தது. இஸ்திரி அண்ணன் உதவுகிறேன் பேர்வழி என்று வாரி அடுக்கினார். அடியில் இருந்தவை மேலே வந்துவிட்டன. அவள் கை மடித்துக்கொண்டே போனது. கண் கடிகாரத்தில் இருந்தது.

வண்டி துணிகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, வழக்கம்போல அடுக்கின் அடியைத் தடவினாள். எல்லாம் வெற்று அட்டை. போனவை ஏழு.

அடுத்த இரண்டு நாள் தொலைபேசி அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் கணவர் "ஏய், இங்க வா" என்றாலே கை சில்லிட்டது. அவருக்குச் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், வாடிக்கையாளரான கணக்கு வாத்தியாரின் மனைவி வந்தார். அட்டையைக் கவுண்டரில் அறைந்தார்.

"யாரு எழுதினது இது? நானே படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க."

*ஆவி அடங்காத துணிக்குள்
உன் கழுத்தைத் தேடினேன்.
காலர் இன்னும் சுடுகிறது;
இப்போதுதான் போயிருக்கிறாய்.
வா,*

அதோடு அட்டை முடிந்துவிட்டது.

முதலாளி நேராக இஸ்திரி அண்ணனைப் பார்த்தார். கல்யாணம் ஆகாத மனிதர், வாய் நீளம். "உன் வேலைதானே? பையை எடுத்துட்டுக் கிளம்பு."

"முதலாளி, எனக்குக் கையெழுத்துப் போடவே நாக்கு வெளிய வரும். இதுல நான் வாத்தியார் கழுத்தைத் தேடினேனா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே பையைத் தேடினார். வாயைத் திறக்காமல் இருந்தால் மடிப்பு தப்பித்துவிடலாம். அண்ணன் வாசல் வரை போய்விட்டார்.

"நான்தான்."

"நீயா? உன் வீட்டுக்காரருக்கு இப்பவே போன் போடறேன்" என்று முதலாளி எண்ணைத் தேடினார்.

"இருங்க" என்றார் வாத்தியார் மனைவி. "எங்க வீட்டுக்காரருக்கா எழுதினே?"

"இல்லக்கா. சாமிக்கு."

"சாமிக்கு எதுக்குடி காலர்?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தெரியலக்கா. சட்டைதானே தினமும் தொடறேன். சூடா இருக்கும். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி இருக்கும். அது யாருன்னு நினைச்சா சாமிதான் வருது. உடம்பெல்லாம் வருது."

"இது பாதியில நிக்குது. நீ எழுதினதுன்னா மீதியைச் சொல்லு."

இதுவரை யார் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதலாளியின் விரல் இன்னும் தொலைபேசி மேலேயே இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

*முகத்தோடு வராதே.
முகம் பார்த்தால் பெயர் வைப்பேன்.
பெயர் வைத்த பிறகு நீயும்
ஒரு வீட்டுக்காரன்.
சூடாக மட்டும் வா.*

இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று ஆவி விட்டது. வாத்தியார் மனைவி அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது எங்காளு இல்ல. அவருக்கு முகம் மட்டும்தான் இருக்கு" என்றார். பிறகு முதலாளியிடம், "போனை வைங்க. நான் புகாரே பண்ணல."

"அட்டையைக் குடுங்கக்கா, அழிச்சிடறேன்."

"அழியற மையா இது?"

கேட்டுவிட்டு அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி கணவருக்குச் சொல்லவில்லை. ஆனால் குறி போடும் மைப்புட்டி அன்றிலிருந்து அவர் மேசையில்தான் இருந்தது. இஸ்திரி அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டு, "தங்கச்சி, இதுல என் கழுத்து வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அவள் அந்தப் பேனாவை இன்னும் தொடவில்லை. அடுக்கு சரிந்ததும் முதலில் மடித்த சட்டைகள் எந்த வீடுகளுக்குப் போயின என்று கணக்குப் புத்தகத்தில் பார்த்து, மீதி ஆறு வீடுகளுக்காகக் காத்திருந்தாள். திங்கட்கிழமைதோறும் அழுக்குத் துணி மூட்டைகளை முதல் ஆளாகப் பிரித்து, அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஆறு வீட்டிலிருந்தும் துணி வந்தது. வேறு அட்டைகள் வந்தன. அந்த ஆறு மட்டும் வரவில்லை.

எந்த வீட்டில், யார், எந்த அலமாரிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை சில்லிடுகிறது. சுடுகிற சட்டை ஒன்றை இழுத்து, அதன்மேல் கையை வைத்துக்கொள்கிறாள்.