ரப்பர் ஸ்டாம்பு வைத்திருந்தவர்களிடம் கொடுத்தேன்

இட ஒதுக்கீட்டு மறியல் நடந்த வருஷங்களில் கள்ளக்குறிச்சிப் பக்கம் புளியமரங்களை வெட்டிச் சாலையில் போடாத ஊர் குறைவு. அந்தக் கலவரத்தில் எங்கள் ஊர்க் காலனியும் எரிந்தது. கொளுத்தியது யார் என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும்தான்.

நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். மனசு உறுத்தியது. வீடு வீடாகப் போய் அரிசியும் போர்வையும் திரட்டினேன். மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது.

எங்கள் வயலுக்கு நடவு ஆட்களைக் கூட்டிவரும் அம்மா காலனியிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"எங்கிட்ட குடுங்க சார். இன்னைக்கே பிரிச்சிடறேன். எம் பொண்ணு பச்சக் கொழந்தைய வச்சிக்கினு மரத்தடியில நனையறா."

அறுப்புக் கூலி நெல்லை மொத்தமாக அவரிடம்தான் அளந்து விடுவோம். அத்தனை பேருக்கும் அவர்தான் பிரித்துக் கொடுப்பார். ஒருநாளும் ஒரு முணுமுணுப்பு வந்ததில்லை. ஆனாலும் என் புத்தி வேறு பக்கம் போனது. கூலி அவர்களுடையது, இது தருமம், தருமத்துக்குப் பொறுப்பான ஆள் வேண்டாமா என்று நினைத்தேன்.

டவுனில் ஒரு சேவைச் சங்கம் இருந்தது. பதிவு எண், ரப்பர் ஸ்டாம்பு, ரசீதுப் புத்தகம் எல்லாம் வைத்திருந்தார்கள். அவர்களிடம் ஒப்படைத்தேன். போதாததற்கு, "ரேஷன் கார்டைப் பார்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆள் ரெண்டு தடவை வாங்கிவிடுவான்" என்று யோசனையும் சொன்னேன். பெரிய அறிவாளி நான்.

சாலை திறந்து அவர்களுடைய வேன் காலனிக்குப் போக நாலு நாளானது. போன வேகத்தில் திரும்பியும் விட்டது. அங்கே ஒருவரிடமும் கார்டு இல்லை. குடிசையோடு எரிந்திருந்தது. எரிந்ததற்குத் தாசில்தாரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார்களாம். சங்கத்தார் ஒரு மணி அரிசியைக்கூடத் திருடவில்லை. எல்லாவற்றையும் வேறு ஊரில் ஓர் அனாதை விடுதிக்குக் கொடுத்துவிட்டு ரசீதை எனக்கு ஒழுங்காக அனுப்பிவைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் விசாரித்தேன், நடந்தது தெரிந்தது.

வெட்கமாக இருந்தது. மறுநாளே உளுந்தூர்பேட்டைக்குப் போய் என் கைக்காசில் போர்வைகள் வாங்கினேன். குடும்பத்துக்கு ஒன்று. அந்தப் பச்சைக் குழந்தைக்கென்று தனியாகச் சின்னதாக ஒன்று. மூட்டையை நானே காலனிக்குச் சுமந்துபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கரிந்த சுவர்களுக்கு நடுவே நின்று ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவருடைய மகளும் தனியாக வந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். கடைசியில் அந்தச் சின்னப் போர்வை மட்டும் மிஞ்சியது. அதை மடிப்புக் கலையாமல் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது ஜாஸ்தி ஆயிடுச்சி சார். கொழந்த முந்தாநேத்து போயிடுச்சி. வேற எங்கனா குடுத்துடுங்க."